நடுக்கோடும் உள்வேலியும்

அவருடைய பெயர் தேவசகாயம். நிஜாம் ரயில்வேயில் லாலாகுடாப் பகுதியின் வழித்தட மேஸ்திரி. எதைக் கண்டாலும் அதன் நீளத்தை மனத்துக்குள் மதிப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த காரியத்தைத் தொடங்குவார். கோயிலில் முதற்பாட்டு எழும்புமுன் பீடத்துக்கும் வாசலுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கண்ணால் அளந்திருப்பார். கலியாண வீட்டுக்குப் போனால் பந்திப் பாயின் நீளத்தைக் கணக்கிட்டு, இன்னும் இரண்டு இலை போடலாம் என்று பரிமாறுகிறவனிடம் சொல்லுவார். சனிக்கிழமை மாலைகளில் தம்முடைய அறுபத்தாறடி இரும்புச் சங்கிலியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வளையம் வளையமாகச் சரிபார்த்து, குழந்தைக்குத் தலைவாரிவிட்டவர்போலத் திருப்தியுடன் ஆணியில் மாட்டுவார். பேச்சு குறைவு. அந்தக் குறையை அவருடைய மனைவி கனகமணி நிறைவு செய்தாள்.

"எம் புருஷன் மோட்சத்துக்குப் போனாலும், முத்து வாசலுக்கு எத்தன அடி அகலம்னு பேதுருகிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள கால் வைப்பாவ" என்று மாதர் சங்கத்தில் அவள் சொல்ல, கூட்டம் சிரித்து ஓய்ந்தபின்பே ஜெபம் தொடங்கும்.

இருவரும் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள். பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. கனகமணியின் தம்பி யேசுதாஸைச் சிறு வயதிலேயே அழைத்து வந்து வளர்த்தார்கள். ரயில்வேப் பட்டறையில் பிட்டராகச் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. பையனோ பட்டறைச் சங்கு ஊதும் நேரத்தில் எதிர்த்திசையில் நடந்து, அமீர்பேட்டைக்கு அப்பால், குகட்பள்ளி போகும் சாலையிலிருந்த நவாப் காசிம் யார் பேக்கின் குதிரை லாயத்தில் போய் நின்றான். முதலில் சாணம் அள்ளினான். பிறகு குதிரை தேய்த்தான். இருபத்தாறாம் வயதில் அங்கே இரண்டாம் பயிற்சியாளனாக இருந்தான். கனகமணி இரண்டு வருஷம் அவனோடு சரியாகப் பேசவில்லை. ஆயினும் ஞாயிறுதோறும் அவனுக்கு மீன்குழம்பு எடுத்துவைக்கத் தவறவுமில்லை.

நவாப் சாகிப் தம் சொந்த நிலத்தில் சிறியதொரு பந்தய மைதானம் அமைத்திருந்தார். இருபுறமும் நேர்வழி, இரு முனைகளிலும் அரைவட்ட வளைவு, உட்புறம் சுண்ணாம்பு பூசிய மரவேலி. முப்பத்தோராம் ஆண்டின் பெருமழையில் அதன் ஒரு பகுதி கரைந்துபோயிற்று. மைதானத்தைத் திருத்தி, பர்லாங்குக் கம்பங்களைப் புதிதாக நடவேண்டி வந்தபோது, ரயில் பாதை அளக்கிறவரைவிடச் சரியாக அளப்பவர் யார் இருக்கிறார் என்று கேட்டு, யேசுதாஸ் தன் அத்தானை அழைத்துச் சென்றான். தேவசகாயம் விடுமுறை நாள்களில் போய் அந்த வேலையைச் செய்து கொடுத்தார். பத்துச் சங்கிலிக்கு ஒரு கம்பம். நேர்வழியில் முழுச் சங்கிலி. வளைவில் நாடாவைச் சிறு சிறு துண்டாகப் பிடித்து, கோடு குறுக்கே பாயாதபடி அளந்தார். கூலி பேசவில்லை. நவாப் வீட்டிலிருந்து வந்த ஒரு தட்டுக் குபானி இனிப்பையும் ஒரு பட்டுச் சால்வையையும் பெற்றுக்கொண்டார். சால்வையின் நீளம் இரண்டேகால் கஜம் என்று வழியிலேயே சொன்னார்.

அந்த ஆண்டு மழை ஓய்ந்ததும் நடந்த முதற் பந்தயத்தில், நவாபின் செம்பொன் நிறப் பெண்குதிரை சுனேரி, ஆறு பர்லாங்கை அந்த மைதானம் அதுவரை கண்டிராத வேகத்தில் ஓடி முடித்தது. காலக் கணக்கில் யாருக்கும் ஐயம் எழவில்லை. வெற்றிக் கம்பத்தருகே மூவர் மூன்று ஸ்டாப் வாட்ச்சுகளுடன் நிற்பது அங்கே முறை. தொலைவில் கொடி விழுவதைக் கண்ணால் கண்டு அழுத்த வேண்டும். கூச்சலைக் கேட்டு அழுத்தினால் ஒலி வந்து சேர்வதற்குள் காலம் களவு போய்விடும். மூன்று வாட்ச்சுகளும் ஒன்றையே காட்டின. நேரத்தைப் பலகையில் எழுதி, சுனேரியின் பெயரையும் அதனடியில் எழுதினார்கள். குளிர்காலத்தில் மலக்பேட்டைப் பெரிய மைதானத்துக்கு அவளை அனுப்புவதென்றும், அன்றுமுதல் யேசுதாஸே தலைமைப் பயிற்சியாளன் என்றும் நவாப் சாகிப் அங்கேயே அறிவித்தார்.

இச்செய்தி செகந்தராபாத் சென்று, கிதியோன் என்பவரின் காதில் விழுந்தது. அவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் தலைமை எழுத்தர். செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பத்தவர். அவருடைய மகள் ஜூடித் பாலர் வகுப்பு ஆசிரியை. அவளும் யேசுதாஸும் பாடகர் குழுவில் எதிரெதிர் வரிசையில் நின்று பாடியவாறே ஒருவரையொருவர் விரும்பியதை ஊர் அறியும். குதிரைக்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று கிதியோன் ஒன்றரை ஆண்டாக மறுத்து வந்தார். சூதாட்டக் களம் என்று அவர் எண்ணியிருந்த இடத்தில் மூன்று வாட்ச்சுகளும் முறையான அளவும் இருப்பதைக் கேட்டதும் அவருடைய மனம் இளகியது. தசராவுக்கு அடுத்த சனிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. கனகமணி தெருவுக்கே கேட்கும்படி பாடிக்கொண்டு முறுக்குக்கு மாவு இடித்தாள்.

இவ்வாறு எல்லாம் இனிதாக நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, மௌலாலி வளைவில் தண்டவாளம் மாற்றும் வேலை நடந்தது. மழை கழுவிய வானத்தில் வெயில் சுள்ளென்று இருந்தது. தெலுங்கு ஆட்கள் பாட்டுக்கட்டிக் கடப்பாரை போட்டார்கள். வளைவில் உட்புறத் தண்டவாளம் செல்லும் வழி வெளிப்புறத்தைவிடக் குறைவு. ஆகவே உட்புற வரிசை சிறிது சிறிதாக முந்திக்கொண்டு போகும். அதைச் சரிக்கட்ட, அங்கங்கே உட்தண்டவாளத்தில் ஒரு துண்டை அறுத்தெடுப்பது வழக்கம். அன்றும் அப்படியே அறுத்தார்கள். அறுந்து விழுந்த இரும்புத் துண்டு ஒரு முழங்கூட இராது. தேவசகாயம் அதைக் கையில் எடுத்து, வழக்கம்போல் நீளம் பார்த்தார். பார்த்தவர் அதைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

ரயில் பாதையின் தூரத்தை இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் ஓடும் கோட்டின்மேல்தான் அளப்பார்கள். இருபத்தைந்து ஆண்டாக அவர் அப்படித்தான் அளந்தார். வண்டிக்கு வேறு வழி கிடையாது. அதே கையோடு நவாபின் மைதானத்திலும், அறுபதடி அகலப் புல்வழியின் நட்டநடுவில் கோடு போட்டு அளந்துவிட்டார். குதிரைக்குத் தண்டவாளம் இல்லை. ஓட்டத் தெரிந்த சவாரிக்காரன் உள்வேலியை உரசுவதுபோல் ஓட்டுவான். வேலியோரம் பந்தயத்தின் ஒரே வளைவைச் சுற்றுகிற குதிரை, கம்பம் ஆறு பர்லாங்கு என்று சொன்னாலும், ஒரு சங்கிலிக்கும் சற்று மேலாகவே குறைவாக ஓடுகிறது. ஏறக்குறைய பத்துக் குதிரை நீளம். காலம் மூன்று பேர் கையில் இருந்தது. தூரம் அவர் ஒருவர் கையில்தான் இருந்தது.

"மேஸ்திரி, ஆ முக்க இன்ட்டிக்கி தீஸ்கெள்தாரா?" என்று ஆட்களில் ஒருவன் கேட்டான், அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டு போகிறாரா என்று. மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்று, துண்டைக் கீழே வைத்தார்.

அன்று மாலை கனகமணி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். தேவசகாயம் அடுப்பருகே அமர்ந்து, இரண்டு முறுக்கைத் தட்டில் வைத்து, வெளிச்சுற்றையும் உட்சுற்றையும் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் முதலில் முறுக்கு சரியாக வரவில்லை என்று சொல்கிறார் என எண்ணிச் சண்டைக்கு வந்தாள். விஷயம் விளங்கியதும் எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்தாள்.

"அப்பம் அந்தக் குதிரை ஓடுனது பொய்யா?"

"ஓடுனது மெய்தான். தூரம் பொய்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஒனக்கும் எனக்கும்."

கனகமணி சிறிது நேரம் யோசித்தாள். அவளுடைய யோசனை எப்போதும் வாய்விட்டே நடக்கும். அன்று மௌனமாக நடந்தது. பிறகு சொன்னாள்: "அடுத்த சனிக்கெழம நிச்சயம் முடியட்டும். அதுக்குப் பெறவு நீங்க கூரையில ஏறி நின்னு சொல்லுங்க. நானே ஏணியப் பிடிச்சுக்கிடுதேன்."

"முடிஞ்ச பெறவு சொன்னா ஏமாத்துனதா ஆயிரும்லா."

"சொல்லாமலே விட்டா?"

"கம்பம் அங்கதான நிக்கும், கனகம்."

அவள் சட்டியை மறுபடி ஏற்றினாள். அன்று பிழிந்த முறுக்கெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததாக அண்டைவீட்டார் பின்னாளில் சொல்லிச் சிரித்ததுண்டு. ஆனால் அவளுடைய நெஞ்சில் அப்போது சிரிப்பு இல்லை. தம்பி தலைநிமிர்ந்து நிற்கும் நாள் ஒன்று வந்தது. அதைத் தன் கணவரின் சங்கிலியே இழுத்துக் கவிழ்க்குமோ என்று அவள் அஞ்சினாள்.

மறுநாள் அரைநாள் வேலை முடிந்ததும் தேவசகாயம் ஜட்கா பிடித்து லாயத்துக்குப் போனார். யேசுதாஸ் வைக்கோற் பிரியால் சுனேரியின் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அத்தானைக் கண்டதும், முந்தின நாள் அவள் எத்தனை படி கொள்ளு தின்றாள் என்பதை மகிழ்ச்சியோடு சொல்லத் தொடங்கினான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டு முடித்து, பிறகு தாம் வந்த காரியத்தைச் சொன்னார். அவன் கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே இடத்தையே தேய்த்தது. சொல்லி முடித்தபோது அவன் கவிழ்த்து வைத்த வாளியின்மேல் அமர்ந்தான். அமர்ந்தவன், சற்றுப் பொறுத்துச் சிரிக்க ஆரம்பித்தான். லாயத்துப் பையன்கள் எட்டிப் பார்க்கும்வரை சிரித்தான்.

"அத்தான், வேலிய ஒட்டி ஓடுன குதிரைக்குத்தான இந்தக் கணக்கு?"

"ஆமா மாப்ள."

"இவ என்னைக்கு வேலிய ஒட்டி ஓடுனா? சுண்ணாம்பு பூசுன வேலியக் கண்டா இவளுக்குப் பேயக் கண்ட மாதிரி. நானும் இழுத்துப் பாத்துட்டேன், சவாரிக்காரனும் இழுத்துப் பாத்துட்டான். நக்கோ, வேண்டாம்னு தலைய ஆட்டிக்கிட்டு நடுவுலதான் போவா. நீங்க பந்தயத்தன்னைக்கு வெற்றிக் கம்பத்துக்கிட்ட நின்னிய. வளைவு அந்தப் புளியந்தோப்புக்குப் பின்னால இருக்கு. அதான் தெரியல."

தேவசகாயத்தின் முகம் மலரவில்லை. "நடுவுலன்னா, நட்டநடுவுலயா? கொஞ்சம் மேல கீழயா?" என்று கேட்டார்.

"நான் என்ன சங்கிலி வச்சா பாத்தேன்?" என்றான் யேசுதாஸ். பிறகு அவனே எழுந்து, அவள் ஓடும் தடத்தையே அளந்தால் என்ன என்று கேட்டான். பனி நனைத்த புல்லில் விடியற்காலத்தில் ஓடினால் குளம்பின் தடம் தெளிவாக விழும். அதன்மேல் சங்கிலி போடலாம். தசராவுக்கு ரயில்வே விடுமுறை, அன்றே செய்யலாம். கிதியோன் மாமாவிடம் யார் சொல்வது என்ற கேள்வி எழுந்தபோது, அத்தான் வாய் திறக்குமுன், அது தன் பொறுப்பு என்று சொல்லி அவன் அன்று மாலையே செகந்தராபாத்துக்குச் சைக்கிளில் போனான்.

கிதியோன் வீட்டில் நடந்ததை அவன் பின்னர் கனகமணிக்கு நடித்துக் காட்டினான். அவர் எல்லாவற்றையும் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, "ஐ மஸ்ட் சீ இட், தம்பி. கண்ணால பாக்காம நான் எதையும் ஃபைல் பண்றதில்லை" என்றாராம். நிச்சயதார்த்தம் உண்டா இல்லையா என்பதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். ஜூடித் கதவுக்குப் பின்னால் நின்று, "நானும் வருவேன்" என்று மட்டும் சொன்னாளாம். நிச்சயமாகாத பெண் மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்கு வருவதாவது என்று கனகமணி முகவாயில் கைவைத்தாள். ஆயினும் எத்தனை பேருக்கு இட்லி அவிக்க வேண்டும் என்று உடனே கணக்குப் போட்டாள்.

தசராவன்று விடியுமுன் அவர்கள் இரண்டு ஜட்காக்களில் மைதானம் போய்ச் சேர்ந்தார்கள். வழியெங்கும் வீட்டு வாசல்களில் சாமந்தித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். புல்வெளி முழுவதும் வெள்ளித் தூள் தூவியதுபோல் பனி கிடந்தது. கிதியோன் கோட்டும் டையும் அணிந்து, பாலிஷ் போட்ட பூட்ஸுடன் வந்திருந்தார். லாயத்துப் பெண்களோடு கனகமணி புளியமரத்தடியில் அடுப்பு மூட்டினாள். இவள் பேசியது நெல்லைத் தமிழ், அவர்கள் பேசியது தெலுங்கும் தக்கனி உருதுவும். ஆனாலும் கருவாட்டுக் குழம்புக்கு எவ்வளவு புளி என்பதில் இரு தரப்புக்கும் விவாதமே நடந்தது.

யேசுதாஸ் தானே சுனேரியின் மேல் ஏறினான். ஆறு பர்லாங்குக் கம்பத்தினின்று அவன் புறப்பட்டபோது பனித்திரைக்குள் முதலில் ஒலிதான் கேட்டது. பிறகு வளைவில் அவள் வந்தாள். கழுத்தை நீட்டி, வாலைக் கொடியாக விரித்து, வேலியின் பக்கம் திரும்பியும் பாராமல், புல்வழியின் நடுவில், தனக்கென்று யாரோ பாதை போட்டு வைத்ததுபோல் வந்தாள். தேவசகாயம் அன்றுதான் அவள் வளைவு திரும்புவதைக் கண்டார். பார்த்துக்கொண்டிருந்த கிதியோனின் வாய் திறந்தபடி இருந்தது.

"அப்பா, வாய மூடுங்க. ஈ பூந்துடும்" என்றாள் ஜூடித்.

வெயில் ஏறிப் பனி உலர்வதற்குள் வேலையை முடிக்க வேண்டும். தேவசகாயம் சங்கிலியின் முன்முனையைப் பிடித்தார். பின்முனைக்குப் பையன்களில் ஒருவனைக் கூப்பிட அவர் திரும்பியபோது, கிதியோன் டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தாமே பிடிப்பதாகச் சொன்னார். ஜூடித் சங்கிலி முடியும் இடந்தோறும் கம்பி ஊன்றினாள். யேசுதாஸ் குளம்புத் தடத்தைப் பார்த்து வழி காட்டினான். நேர்வழியில் வேலை விரைவாக நடந்தது. வளைவில் சங்கிலியை வைத்துவிட்டு நாடாவை எடுத்தார்கள். நான்கடி நான்கடியாகத் தடத்தின்மேல் பொருத்தி நகர்ந்தார்கள். கிதியோன் ஒவ்வொரு முறையும் குனிந்து, எழுந்து, மறுபடி குனிந்தார். கோட்டின் முன்பக்கம் நனைந்தது, பூட்ஸ் சேறாயிற்று.

"மிஸ்டர் தேவசகாயம், இந்த எடத்துல ரெண்டு குளம்பு தள்ளி விழுந்திருக்கு. எதை எடுக்கறது?"

"அது பின்னங்கால் தடம். முன்னங்காலையே பிடிச்சு வாங்க."

"இத ரூலாவே வச்சுக்கலாமா?"

"வச்சுக்கிடலாம்."

"குட். ரூல் இல்லாம வேலை செய்யக்கூடாது" என்று கிதியோன் மண்டியிட்டார். ஜூடித் யேசுதாஸைப் பார்த்து, தன் அப்பா வீட்டில் ஒரு பாத்திரத்தைக்கூடக் குனிந்து எடுத்ததில்லை என்று சைகையால் தெரிவித்தாள். அவன் சிரித்ததில் இரண்டு தடத்தை மிதித்துவிட்டு அத்தானிடம் திட்டு வாங்கினான்.

புளியந்தோப்புக்கு எதிரே வந்தபோது, கனகமணி கரண்டியும் கையுமாக எழுந்து நின்று, எவ்வளவு ஆயிற்று என்று கேட்டாள். இப்போது சொல்வதற்கில்லை என்று தேவசகாயம் கையசைத்தார். அவள் மறுபடி உட்காரவில்லை. நின்றபடியே குழம்பைக் கிளறினாள்.

வெற்றிக் கம்பத்தை எட்டினார்கள். ஜூடித் கம்பிகளை எண்ணினாள். அவளுடைய தந்தை தனியே எண்ணினார். தேவசகாயம் எண்ணாமலே அறிந்திருந்தும் இருவரும் முடிக்கும்வரை காத்திருந்தார். அறுபது சங்கிலி முழுமையாக இருந்தது. அதற்குமேல் ஒரு கைநீளம் கூடியிருந்தது. சுனேரி ஓர் அங்குலங்கூடக் குறைத்து ஓடவில்லை. ஒரு நாள் தடம் மறுநாள் தடம் ஆகாது என்பது தேவசகாயத்துக்குத் தெரியும். ஆயினும் வேலியைக் கண்டு விலகும் அந்தக் குணம் மாறாதவரை அவளுடைய வழி இதைவிட அதிகம் உள்ளே போயிருக்க முடியாது என்பதும் தெரிந்தது. அந்த மைதானத்தில் ஆறு பர்லாங்கை ஆறு பர்லாங்காக ஓடிய ஒரே குதிரை அவள்தான்.

கிதியோன் ஈரப் புல்லில் அப்படியே அமர்ந்து சிரித்தார். அவர் அவ்விதம் சிரிப்பார் என்பது அவருடைய மகளுக்கே புதிய செய்தி. கனகமணி ஓடிவந்து, முதலில் குதிரையின் கழுத்தையும் பிறகு தம்பியின் கன்னத்தையும் தடவினாள். எல்லாரும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து உண்டார்கள். இட்லியும் கருவாட்டுக் குழம்பும் ஒரு பக்கம், லாயத்தார் கொண்டுவந்த சோள ரொட்டியும் கோங்கூரா பச்சடியும் ஒரு பக்கம். கிதியோன் கருவாடு உண்பதில்லை என்று ஊரில் பெயர் இருந்தது. அன்று மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். சனிக்கிழமைக்குப் பாதிரியாரிடம் முன்பே சொல்லியாயிற்று என்றும், இனி அதில் மாற்றமில்லை என்றும், வாயில் இட்லியோடு அறிவித்தார்.

"அளவு சரியா வந்ததாலயா, அண்ணே?" என்று கனகமணி குறும்பாகக் கேட்டாள்.

"வராட்டியும்தான், அம்மா. தனக்கு நஷ்டம் வரும்னு தெரிஞ்சும் நேரா வீட்டுக்கு வந்து சொன்ன பையன் இவன். ஆபீஸ்ல இந்த மாதிரி ஆளு எனக்கு இன்னும் கிடைக்கல."

யேசுதாஸ் ரொட்டியைப் பார்த்தபடி இருந்தான். அவனுடைய காது சிவந்திருந்தது. இந்த மகிழ்ச்சியின் நடுவில்தான் ஜூடித், பாலர் வகுப்பில் கணக்குக் கேட்பவளைப்போல, ஒன்று கேட்டாள்.

"மலக்பேட்ல அளவு வேலிலேர்ந்துதானே?"

"ஆமா, வேலியிலேர்ந்து மூணடி தள்ளி" என்றான் யேசுதாஸ்.

"அப்ப அங்கயும் இவ நடுவுலயே போனா, மத்த குதிரைங்களவிட ஜாஸ்தி ஓடணும் இல்ல? பத்து நீளம்?"

யேசுதாஸ் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். இங்கே மற்றக் குதிரைகள் குறுக்கி ஓடியும் அவள் வென்றிருக்கிறாள். ஆகவே வலிமையில் குறையில்லை. ஆனால் பெரிய மைதானத்தில், பெரிய குதிரைகளுக்குப் பத்து நீளம் விட்டுக்கொடுத்து வெல்வது நடவாத காரியம். பலகையில் உள்ள நேரத்தை நம்பி அனுப்பினால், கலியாணமான புதிதில் யேசுதாஸ் ஊர்முன் தலைகுனிந்து நிற்க நேரும்.

"வேலிய ஒட்டி ஓட அவளப் பழக்கணும்" என்றான் அவன் மெதுவாக. "குளிர்காலத்துக்கு இன்னும் நாள் இருக்கு."

"அந்தச் சுண்ணாம்ப முதல்ல சொரண்டித் தள்ளு. பெறவு பச்சைப் புல்லக் கட்டுக்கட்டா வேலியில தொங்கவிடு" என்றாள் கனகமணி. "நீ சின்னதுல குளிக்கதுக்கு இப்படித்தான் பயந்த. தொட்டிக்குப் பக்கத்துல பனங்கெழங்க வச்சுல்லா ஒன்னக் கூப்பிட்டேன்."

ஜூடித் பனங்கிழங்குக் கதையை முழுவதும் சொல்லும்படி கேட்டாள். யேசுதாஸ் தடுத்தும் பயனில்லை. அந்தக் கதை முடியும் தறுவாயில் நவாப் சாகிபின் மோட்டார் வந்து நின்றது.

நவாப் சாகிப் பருத்த உடலும் மெல்லிய குரலும் உடையவர். தம் மைதானத்தில் கம்பிகள் வரிசையாக ஊன்றியிருப்பதையும் கோட்டு அணிந்த ஒருவர் சேற்றோடு இட்லி உண்பதையும் கண்டு, என்ன விசேஷம் என்று கேட்டார். தேவசகாயம் எழுந்து நின்று, தமக்குத் தெரிந்த உடைந்த உருதுவில், தாம் செய்த தவற்றைச் சொன்னார். சொல் கிடைக்காத இடங்களில் யேசுதாஸ் எடுத்துக் கொடுத்தான். நடுக்கோடு, உள்வேலி, குறைந்த தூரம், சுனேரியின் தடம் எல்லாம் சொல்லியாயிற்று. நவாப் சாகிப் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் மற்றக் குதிரைகள் கொழுத்துப்போயும் எப்படி இவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்று தமக்கும் விளங்கவில்லை என்றார். சுனேரிக்கு வேலியில் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று யேசுதாஸுக்கு அனுமதி தந்தார்.

பிறகு கம்பங்களைப்பற்றிப் பேச்சு வந்தது. அவற்றை மாற்ற வேண்டியதில்லை என்பது அவருடைய கருத்து. இங்கே வருகிற விருந்தினர்கள் தங்கள் குதிரைகளின் நேரத்தைக் கேட்டு மகிழ்ந்து வீடு போகிறார்கள். அதைக் கெடுப்பானேன்? "கைக்கு, மியான்?" என்று, எதற்காக என்னும் பொருளில், அவர் அன்போடுதான் கேட்டார். கம்பங்கள் மாறினால், தவறான தூரத்தில் எடுத்த நேரங்களையெல்லாம் பலகையிலிருந்து அழிக்க வேண்டும் என்பது பந்தய முறை. பலகைக்குக் கம்பம்தான் தெரியும். குளம்புத் தடம் தெரியாது. ஆகவே சுனேரியின் நேரமும் அழியும். தம் சொந்தக் குதிரைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் ஊர் சிரிக்கும். பிறகு சற்று யோசித்து, அளந்தவர் தேவசகாயம், முடிவையும் அவரே சொல்லட்டும், தாம் தடுக்கப் போவதில்லை என்று சொல்லி, ஜூடித் நீட்டிய தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் சாய்ந்திருந்த முறுக்கு அது. அவர் அதைக் குறையாகக் கருதவில்லை.

எல்லாரும் தேவசகாயத்தைப் பார்த்தார்கள். கனகமணி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நிச்சயம் நிலைத்துவிட்டது, தம்பியின் பதவி நிலைத்துவிட்டது, இனி எதற்கு என்பது அந்தப் பார்வை. கிதியோன் வாய்திறந்து, ஒரு ரூலைப்பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். யேசுதாஸ் பலகை இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தான். அவன் பெயர் அங்கே எழுதப்படவில்லை. ஆயினும் அந்த ஒரு வரியை அவன் எத்தனை காலைகளில் நின்று படித்திருப்பான் என்பதை அவன் அத்தான் அறிவார்.

"மாப்ள, இவ வேலிய ஒட்டி ஓடப் படிச்சிட்டான்னு நீ எப்படித் தெரிஞ்சுக்கிடுவ?" என்று அவர் கேட்டார்.

"வாட்ச்சப் பாத்துத்தான்."

"கம்பம் இப்பம் நிக்க எடத்துல நின்னா?"

யேசுதாஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தான். வேலியருகே ஓடினால் இங்கே தூரம் குறையும்; நேரம் குறைந்தது குதிரையாலா, கம்பத்தாலா என்று பிரித்தறிய வழியிராது. தன்னையே ஏமாற்றிக்கொண்டுதான் மலக்பேட்டைக்குப் போவான். அவன் எழுந்து, சுனேரியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான். "ஹவ், அத்தான்" என்று தக்கனியிலேயே ஆமோதித்தான். "அழிச்சா அழியட்டும். அவதான இருக்கா, மறுபடி ஓடுவா."

வெயில் நன்றாக ஏறிவிட்டது. புல்லில் தடங்கள் மறையத் தொடங்கின. தேவசகாயம் சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, நவாப் சாகிபின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் எனக்கு விடுமுறைதான், சாகிப்" என்று தம் உடைந்த உருதுவில் சொன்னார். "காலையில வந்து கம்பங்களப் பிடுங்கி, வேலியிலேர்ந்து அளந்து நடுதேன்."